சிறுநீரகம் பழுதானவருக்கு ஹார்மோனை அடக்கும் ஊசி போடலாமா?



இம்முறை ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். நமது மருத்துவமனையை நெடுநாளாகத் தாங்கிவரும் ஒருவர் தம்முடைய அண்ணனைக் குறித்து எழுதியிருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று கண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோனை அடக்கும் ஊசி போட்டு வந்திருக்கிறார். போன தடவை ரத்தப் பரிசோதனை செய்தபோது கிரியேட்டினின் கூடியிருந்தது. ஊசியின் சூடுதான் கிட்னியைத் தாக்கிவிட்டது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல, வீட்டில் எல்லாரும் பயந்துபோய் அடுத்த ஊசியை நிறுத்திவிட்டார்கள். போடவேண்டிய நாள் கடந்து ஆறு வாரம் ஆகிறதாம். தாங்கள் செய்தது சரிதானா என்று கேட்டுவிட்டு, சூடு தணியத் தினமும் இரண்டு இளநீர் கொடுத்து வருவதாகவும் முடிவில் எழுதியிருந்தார்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் நான் பேனாவை எடுக்கவில்லை, டெலிபோனை எடுத்தேன். முதலில் இளநீரை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்பதைக் கீழே சொல்லுகிறேன். ஊசியைப் பற்றி அவருக்குச் சொன்ன பதில் டெலிபோனில் அடங்குகிற அளவு சிறியதல்ல. இதே பயத்தோடு நம்முடைய வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிற முதியவர்கள் பலர் இருப்பதால், அதை உங்கள் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

ஹார்மோனை ஏன் அடக்கவேண்டும்?

பிராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சுரப்பி. சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே, சிறுநீர் வெளியே வரும் குழாயைச் சுற்றி, ஏறக்குறைய ஒரு பெரிய பாக்கின் அளவில் இருக்கும். இது வளர்வதற்கும் வேலை செய்வதற்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் வேண்டும். அந்த ஹார்மோனில் பெரும்பங்கு விரைகளில் உண்டாகிறது. சுரப்பியில் புற்றுநோய் வந்தால், அந்தப் புற்றும் இதே ஹார்மோனைத் தின்றுதான் வளருகிறது. தீனியை நிறுத்தினால் புற்று சுருங்கும் என்பதை 1941ல் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவரும், அவருடன் வேலை செய்த கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் காட்டினார்கள். விரைகளை அகற்றிய பிறகு, எலும்புவரை நோய் பரவியிருந்தவர்களின் வலி குறைந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்காக 1966ல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இருபத்தைந்து வருடம் கழித்து!

விரைகள் தாமாக வேலை செய்வதில்லை. மூளையின் அடிப்பகுதியிலிருந்து ஒரு சமிக்ஞை பிட்யூட்டரி சுரப்பிக்கு வரும். பிட்யூட்டரி அதைக் கேட்டு விரைகளுக்குக் கட்டளை அனுப்பும். மூளையின் அந்தச் சமிக்ஞைப் பொருளின் அமைப்பை 1971ல் ஆண்ட்ரூ ஷாலியின் குழு கண்டுபிடித்தது. அதற்காகப் பன்றிகளின் மூளைத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் சேகரித்து வேலை செய்தார்கள். ஷாலியும், அவருக்குப் போட்டியாக ஆட்டு மூளைகளில் உழைத்த ரோஜர் கியமானும் 1977ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இன்று நாம் போடும் லியூப்ரோலைடு, கோசரெலின் முதலிய ஊசிகள் இந்தச் சமிக்ஞையைப் பார்த்துச் செய்த நகல்கள்தான்.

நகலைக் கொடுத்தால் ஹார்மோன் கூடத்தானே வேண்டும், எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். நம்முடைய ஆலய மணியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மணி, இரண்டாம் மணி என்று இடைவெளி விட்டு அடித்தால் சபையார் புறப்பட்டு வருவார்கள். அதே மணியைக் காலை முதல் இரவு வரை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால்? முதல் நாள் என்னமோ ஏதோ என்று ஊரே ஓடிவரும். ஒரு வாரம் போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மூளை தன் சமிக்ஞையை விட்டு விட்டுத்தான் அனுப்புகிறது. ஊசி மருந்தோ தோலுக்கடியில் அல்லது தசையில் தங்கி, வாரக்கணக்கில் விடாமல் மணியடிக்கிறது. பிட்யூட்டரியின் காது மந்தமாகிவிடுகிறது. மூன்று நான்கு வாரத்துக்குள் டெஸ்டோஸ்டிரோன், விரைகளை அகற்றியவரின் அளவுக்கு இறங்கிவிடும்.

ஆனால் அந்த முதல் நாள் ஓட்டத்தை மறந்துவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வடிகால் அடைபட்ட வயல்

சிறுநீரகங்களிலிருந்து இறங்கும் இரண்டு மெல்லிய குழாய்கள், பிராஸ்டேட்டுக்கு மிக அருகில் சிறுநீர்ப்பைக்குள் நுழைகின்றன. புற்று மேல்நோக்கி வளர்ந்தால் இந்த வாய்களை அடைத்துவிடும். கீழ்நோக்கி வளர்ந்தால் வெளியே வரும் வழியே நெருங்கிவிடும். எது நடந்தாலும் வடிகால் அடைபட்ட வயல்போல் தண்ணீர் பின்னோக்கி நிற்கும். சிறுநீரகம் ஊதிப்போய், தன் வேலையை ஒவ்வொன்றாக விட்டுவிடும்.

இப்படிப்பட்டவர்கள் தங்களுக்குப் புற்றுநோய் இருப்பதை அறியாமலே வருகிறார்கள். கால் வீங்கியிருக்கும். சோறு பிடிக்காது, குமட்டல் இருக்கும், விக்கல் நிற்காது. இரவில் நாலு தடவை எழும்புவதை வயதானால் வருவதுதான் என்று பல மாதம் பொறுத்திருப்பார்கள். சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, எப்படிக் கிட்னி போயிற்று என்று மகன் கேட்பார். வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தால் இரண்டு சிறுநீரகமும் தண்ணீர்ப் பைபோல விரிந்திருக்கும்.

இந்த நிலையில் முதல் வேலை ஹார்மோன் அல்ல, வடிகாலைத் திறப்பதுதான். சிறுநீர்ப்பையில் ரப்பர் குழாய் போட்டாலே சிலருக்குச் சரியாகிவிடும். மேலே உள்ள வாய்கள் அடைபட்டிருந்தால், ஸ்கேன் பார்த்துக்கொண்டே முதுகுப் பக்கமாக ஒரு மெல்லிய குழாயை நேராகச் சிறுநீரகத்துக்குள் செலுத்தவேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தால், இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம் என்பதால் அதை முதலில் இறக்கவேண்டும், தேவையானால் டயாலிசிஸ் செய்தாவது. இளநீரை நிறுத்தச் சொன்னதன் காரணம் இதுதான். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. நல்ல சிறுநீரகம் அதைச் சுலபமாக வெளியே தள்ளிவிடும். அடைபட்ட சிறுநீரகத்தால் முடியாது. நீர்க்கடுப்புக்கு நம் வீடுகளில் அன்போடு வெட்டிக் கொடுக்கும் இளநீர், இந்த ஒரு நோயாளிக்கு ஆகாது.

அடைப்பைத் திறந்த பிறகு இன்னொரு காட்சி. ஓரிரு நாள் சிறுநீர் லிட்டர் லிட்டராகக் கொட்டும். வீட்டார் மகிழ்ச்சியடைவார்கள், நர்சுகள் கவலைப்படுவார்கள். உப்பும் நீரும் சேர்ந்து போவதால் ரத்த அழுத்தம் விழுந்துவிடக்கூடும். மணிக்கு மணி அளந்து, போனதற்கு ஈடு கொடுக்கவேண்டும். இரவு டியூட்டியில் இருக்கும் நமது செவிலியர்கள் இந்தக் கணக்கை எழுதிவைக்கும் தாளைப் பார்த்தால், எந்தக் கடைக்காரரின் பேரேடும் அத்தனை சுத்தமாக இராது என்பீர்கள்.

இனி ஹார்மோன் சிகிச்சைக்கு வருவோம். மேலே சொன்ன ஊசியை எந்த முன்னேற்பாடும் இல்லாமல் போட்டுவிட்டால் என்ன ஆகும்? முதல் வாரத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறையாமல் எகிறும். தீனி கிடைத்த புற்று வீங்கும். பாதி அடைந்திருந்த வாய் முழுவதும் அடைந்துபோகலாம். முதுகெலும்பில் நோய் இருந்தால் தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழக்கவும் இடமுண்டு. ஆகவே ஊசி போடத் தீர்மானித்தால், அதற்கு முன்னதாகவே பைகாலூட்டமைடு போன்ற மாத்திரையைத் தொடங்கிச் சில வாரம் தொடருகிறோம். இந்த மாத்திரை ஹார்மோன் உற்பத்தியைத் தடுப்பதில்லை, புற்று அதைத் தின்னாதபடி வாயை மூடி வைக்கிறது. 2008ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெகாரெலிக்ஸ் என்னும் ஊசி வேறு வகை. அது விடாமல் மணியடிப்பதில்லை, மணியின் நாக்கையே பிடித்துக்கொள்கிறது. முதல் நாள் ஓட்டம் என்பதே அதில் கிடையாது. மூன்று நாளுக்குள் ஹார்மோன் இறங்கிவிடும். 2020ன் கடைசியில் இதே முறையில் வேலை செய்யும் ரெலுகோலிக்ஸ் என்ற மாத்திரைக்கும் அங்கே அனுமதி கிடைத்தது.

ஹக்கின்ஸின் பழைய வழியும் இருக்கிறது. விரைகளை அகற்றும் அறுவை சிகிச்சை ஒரு நாளைக்குள் ஹார்மோனை இறக்கிவிடும். இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து சிறிது நேரத்தில் செய்து முடிக்கலாம், முழு மயக்கம் தேவையில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் உறையும் தன்மை சரியாக இராது, ஆகவே கசிவை மட்டும் கவனமாகப் பார்க்கவேண்டும். ஒருமுறை செய்தால் போதும். ஊசிக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வரவேண்டியதில்லை, இந்தத் தடவை பணம் புரளவில்லை என்று தவறவிடுவதற்கும் இடமில்லை.

இதைப் பற்றிச் சபையில் யாரும் பேசமாட்டார்கள். நானும் தயங்கித்தான் எழுதுகிறேன். வேதத்தில் அண்ணகர் என்று வாசிக்கிறோம், அந்த வார்த்தை இந்தப் பெரியவர்களின் மனதில் வந்து நின்றுவிடுகிறது. பேரன் பேத்தி எடுத்தவர்தானே, இனி என்ன என்று எளிதாகச் சொல்லிவிடுவது இரக்கமில்லாத பேச்சு. ஊசியும் இதே ஹார்மோனைத்தான் அகற்றுகிறது, உடம்பில் நடக்கும் மாற்றமும் ஒன்றே. ஊசியை நிறுத்தினால் ஹார்மோன் திரும்பக்கூடும், அறுவையில் திரும்பாது. இந்த இரண்டையும் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொல்லி, ஒரு இரவாவது யோசிக்க விடுகிறோம். உயிருக்கு அவசரம் இருந்தாலொழிய அன்றைக்கே கையெழுத்து வாங்குவதில்லை. சிலர் அறுவையை ஏற்கிறார்கள். சிலர் ஊசிதான் என்கிறார்கள். அப்படிச் சொல்லும் ஏழைக்கு, பணமில்லாத காரணத்தால் மட்டும் அறுவை என்று ஆகிவிடக்கூடாது என்பது என் எண்ணம். நீங்கள் அனுப்பும் ஏழை நோயாளர் நிதியில் ஒரு பகுதி இந்த ஊசிகளுக்குப் போவதை ஆடிட்டர் கேட்கும்போதெல்லாம் நான் சொல்லும் காரணம் இதுவே.

ஊசி சிறுநீரகத்தைக் கெடுக்குமா?

மருந்துகள் உடலைவிட்டு வெளியேற இரண்டு வாசல்கள் முக்கியம்: கல்லீரல், சிறுநீரகம். சிறுநீரக வாசல் வழியாகவே போகிற மருந்து, அந்த வாசல் அடைபட்டால் உள்ளேயே தேங்கி விஷமாகும். லியூப்ரோலைடு ஒரு சிறு புரதத் துணுக்கு. உடல் அதைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்துவிடுகிறது. சிறுநீரகக் குறைபாட்டுக்காக அளவைக் குறைப்பதில்லை. கோசரெலின் சிறுநீரில் போகிறது. சாதாரணமாக ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 4 மணி நேரம் ஆகுமானால், சிறுநீரகம் மிகவும் பழுதானவரில் 12 மணி நேரம் ஆகிறது. ஆனாலும் ஊசிக் குளிகையிலிருந்து மருந்து மிக மெதுவாகக் கசிவதால் அது தேங்குவதில்லை. அதற்கும் அளவு மாற்றம் வேண்டாம். டெகாரெலிக்ஸில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் சிறுநீர் வழி போகிறது. கடுமையான பழுதுள்ளவர்களில் அனுபவம் குறைவு என்பதால் எச்சரிக்கையோடு கொடுக்கிறோம். பைகாலூட்டமைடு கல்லீரலின் பொறுப்பு, அதற்குக் கல்லீரல் பரிசோதனை வேண்டும்.

முற்காலத்தில் பெண் ஹார்மோன் மாத்திரை கொடுப்பார்கள். ஸ்டில்பெஸ்ட்ரால் என்று பெயர். மிக மலிவு. ஆனால் உடலில் நீரைத் தேக்கும், ரத்தக் கட்டிகளை உண்டாக்கும், இதயத்தைத் தாக்கும். ஏற்கெனவே கால் வீங்கி மூச்சுத் திணறும் சிறுநீரக நோயாளிக்கு அதைக் கொடுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுபோல. மலிவாக இருக்கிறதே என்று யாராவது அந்தச் சீட்டைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

அப்படியானால் ஊசி முற்றிலும் குற்றமற்றதா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் 1997 முதல் 2008 வரை பிராஸ்டேட் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட, நோய் வேறிடங்களுக்குப் பரவாத பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை, 2013ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் வந்தது. ஹார்மோனை அடக்கும் சிகிச்சையில் இருந்தவர்களுக்குத் திடீர் சிறுநீரகப் பழுது ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. பயந்துவிடாதீர்கள். அத்தனை ஆயிரம் பேரில் அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் 232 பேர். ஒன்றோடு ஒன்று சேர்ந்து வருவதால் ஒன்றுதான் மற்றதை உண்டாக்கிற்று என்று இத்தகைய ஆராய்ச்சி நிரூபிக்காது. ஆனாலும் ஹார்மோன் குறையும்போது சர்க்கரையும் கொழுப்பும் ஏறுவது உண்மை, அவை சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களுக்கு நல்லதல்ல. ஆகவே அந்தத் தெரிந்தவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கலாம். அதற்கு மருந்து, ஊசியை நிறுத்துவதல்ல. குறித்த காலத்தில் ரத்தத்தைப் பார்ப்பதுதான்.

உண்மையான குற்றவாளிகள் பெரும்பாலும் ஊசியோடு கூட வருகிறவர்கள்.

எலும்பில் நோய் பரவினால் வலி தாங்கமுடியாது. உடனே பக்கத்துக் கடையில் டைக்குளோஃபினாக் மாத்திரை, இல்லாவிட்டால் ஊசி. ஏற்கெனவே தள்ளாடும் சிறுநீரகத்தை ஒரே வாரத்தில் கீழே தள்ளிவிட இது போதும். மார்பின் இந்த வலிக்கு நல்ல மருந்து, அதற்கு நாம் அஞ்சுவதில்லை. ஆனால் அது உடலில் மாறி உண்டாகும் பொருட்கள் சிறுநீரகத்தின் வழியாகவே போகவேண்டும். தேங்கினால் நோயாளி எழுப்பமுடியாத தூக்கத்தில் ஆழ்ந்து, மூச்சு மந்தமாகிவிடும். இத்தகையவர்களுக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டானில் பட்டை பாதுகாப்பானது. ஹார்மோன் குறைந்தவர்களுக்குத் திடீர் திடீரென்று உடல் கொதித்து வியர்க்கும், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் வருவதுபோல. அதற்குக் கொடுக்கப்படும் காபாபென்டின் முழுவதும் சிறுநீரில் போகும் மருந்து. அளவைக் குறைக்காமல் கொடுத்தால் பெரியவர் தள்ளாடுவார், உளறுவார், விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளுவார். வயதானதால் புத்தி தடுமாறுகிறது என்று வீட்டில் நினைத்துக்கொள்ளுவார்கள்.

எலும்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஆண் ஹார்மோன் இல்லாவிட்டால் எலும்பு நொய்ந்துபோகும். அதைத் தடுக்கவும், எலும்பில் பரவிய புற்றைக் கட்டுப்படுத்தவும் சோலெட்ரானிக் அமிலம் என்ற ஊசி உண்டு. நல்ல மருந்து, விலையும் எட்டக்கூடியதுதான். ஆனால் அதுவே சிறுநீரகத்தைக் காயப்படுத்தக்கூடியது. புற்றுநோய்க்கு 4 மில்லிகிராம் முழு அளவு. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே போகப்போக அளவைக் குறைக்கவேண்டும். 30க்கும் 39க்கும் இடையில் இருந்தால் 3 மில்லிகிராம். 30க்குக் கீழே கொடுக்கவே கூடாது. இதற்கு மாற்றாக டினோசுமாப் என்ற ஊசி சிறுநீரகத்தை நம்பி வாழ்வதில்லை, ஆகவே பாதுகாப்பு என்று நினைத்திருந்தோம். ஆனால் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அது ரத்தத்தின் சுண்ணாம்புச் சத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடுவது தெரியவந்தது. எலும்புத் தேய்வுக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் அளவுக்கே, 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கறுப்புக் கட்டமிட்ட கடும் எச்சரிக்கை விடுத்தது. சுண்ணாம்புச் சத்தையும் வைட்டமின் டி அளவையும் பார்க்காமல் இந்த ஊசியைக் கையில் எடுக்கக்கூடாது.

ரத்தசோகையும் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. ஆண் ஹார்மோன் ரத்த உற்பத்திக்கு உதவுவது, அது போய்விட்டது. சிறுநீரகத்திலிருந்து வரவேண்டிய தூண்டுதலும் குறைந்துவிட்டது. நடந்தால் இளைக்கிறது என்றால் ஹீமோகுளோபினைப் பாருங்கள்.

1.4 என்றால் பரவாயில்லையா?

லேபிலிருந்து வரும் காகிதத்தில் கிரியேட்டினின் 1.4 என்று இருக்கும். சாதாரணம் 1.3 வரை என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். கொஞ்சம்தானே கூட என்று மடித்து வைத்துவிடுவார்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து உண்டாகும் கழிவு. தசை அதிகமுள்ள வாலிபனுக்கு 1.4 பெரிதல்ல. மெலிந்த முதியவருக்கு அது வேறு கதை. 1976ல் காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் ஒரு எளிய கணக்கைத் தந்தார்கள். 140லிருந்து வயதைக் கழித்து, உடல் எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72ஆல் பெருக்கி வரும் தொகையால் வகுக்கவேண்டும். 72 வயது, 50 கிலோ, கிரியேட்டினின் 1.4 என்று வையுங்கள். 68ஐ 50ஆல் பெருக்கினால் 3400. அதை 100.8ஆல் வகுத்தால் 34 வரும். நல்ல சிறுநீரகம் 100க்கு அருகில் இருக்கவேண்டிய இடத்தில் 34! இப்போது மேலே சொன்ன சோலெட்ரானிக் கணக்கைப் பாருங்கள். அந்தப் பெரியவருக்கு முழு அளவு கொடுத்திருந்தால் தவறாகிவிடும்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. ஹார்மோனை அடக்கி ஒரு வருடம் ஆனால் தசை கரைந்து, அந்த இடத்தில் கொழுப்பு ஏறும். எடை அப்படியே இருக்கலாம். தசை குறைந்ததால் கிரியேட்டினினும் குறைந்து 1.2 என்று வரும். கிட்னி தேறிவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். சிறுநீரகம் அங்கேயேதான் நிற்கிறது, தசைதான் போய்விட்டது. சந்தேகம் வந்தால், தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையையும் பார்க்கலாம். ஆகவே காகிதத்தில் ஒரு எண்ணை மட்டும் பார்த்து மருந்தின் அளவை முடிவு செய்யாதபடி, நோயாளியின் கையையும் காலையும் பார்க்கும்படி நமது இளம் டாக்டர்களுக்குச் சொல்லிவருகிறோம்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1971ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நம் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. அதன்பின் இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேர் மாற்றுச் சிறுநீரகத்தோடு முதுமையை எட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கும் பிராஸ்டேட் புற்றுநோய் வருகிறது. முற்றிய நோய்க்குக் கொடுக்கப்படும் என்சலூட்டமைடு மாத்திரை, அவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தைக் கல்லீரல் வேகமாக அழித்துவிடும்படி செய்கிறது. அளவைப் பார்த்து உயர்த்தாவிட்டால் உடல் அந்தச் சிறுநீரகத்தை நிராகரித்துவிடலாம். அபிராட்டரோன் மாத்திரையில் வேறு கஷ்டம்: ரத்த அழுத்தம் ஏறும், நீர் தேங்கும், பொட்டாசியம் இறங்கும். இரண்டு டாக்டர்கள் இரண்டு ஊர்களில் ஒருவரையொருவர் அறியாமல் எழுதும் சீட்டுகளால் வரும் விபத்து இது. புதிய சீட்டு எழுதுகிறவருக்குப் பழைய சீட்டைக் காட்டினாலே பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

கடிதம் எழுதியவரின் அண்ணனுக்கு

அவருக்கு ஊசி நின்று ஆறு வாரம். மூன்று மாத மருந்து தீர்ந்த மறுநாளே ஹார்மோன் திரும்பிவிடாது. வயதானவர்களில், அதிலும் நெடுநாள் ஊசி போட்டவர்களில், அது மெதுவாகவே வரும். ஆனால் வந்துகொண்டிருக்கலாம். ஆகவே ஓடிப்போய் அடுத்த ஊசியைப் போட்டுவிட வேண்டாம் என்றும், ஊசியே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடவும் வேண்டாம் என்றும் சொன்னேன். முதலில் வயிற்று ஸ்கேன்: சிறுநீரகம் ஊதியிருக்கிறதா, சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மீதி நிற்கிறது? அதோடு பொட்டாசியம், கிரியேட்டினின், ஹீமோகுளோபின், பி.எஸ்.ஏ., டெஸ்டோஸ்டிரோன். ஹார்மோன் மீண்டும் ஏறியிருந்தால், மறுபடி ஊசி தொடங்குவது புதிதாகத் தொடங்குவதற்குச் சமம். முதல் வார எகிறலும் திரும்ப வரும், ஆகவே மாத்திரையின் காவலோடுதான் தொடங்கவேண்டும். அடைப்பு இருந்தால் அதைத் திறந்த பிறகே மற்றதெல்லாம்.

டெலிபோனில் இன்னும் துருவிக் கேட்டபோது, முதுகுவலிக்காக இரண்டு மாதமாக அண்ணன் கடையில் வாங்கித் தினமும் ஒரு மாத்திரை போட்டுவருவதாக அவர் சொன்னார். பெயர் தெரியாதாம். பச்சை அட்டையாம்.

வருகிற திங்கட்கிழமை அழைத்துவருகிறார்கள். வரும்போது அண்ணன் சாப்பிடும் எல்லாவற்றையும், அந்தப் பச்சை அட்டை உட்பட, லேகியமோ சூரணமோ இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். சீட்டு தொலைந்திருந்தால் பரவாயில்லை, காலி அட்டை போதும். காலையில் ஸ்கேன் எடுக்கும் வரை சிறுநீர் கழிக்காமல் அடக்கிக்கொண்டு வரவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன், எத்தனை மணிக்கு முறை வருமோ தெரியாது. வந்தபின் தண்ணீர் கொடுத்து நாங்கள் பார்த்துக்கொள்ளுவோம்.